வாயிலும் இசைவும்: தொழில்தொடர்புத் தளத்தில் தரவு பெறும் நெறி

நோக்கம்

அகத்திணை இலக்கியம் பயில்வார்க்கு 'வாயில்' என்னும் சொல் புதிதன்று. தலைவனுக்கும் தலைவிக்கும் இடைநின்று செய்தி கொண்டு செல்லும் தோழி, பாணன், விறலியர், கூத்தர் முதலியோரைத் தொல்காப்பியக் கற்பியல் வாயில்கள் எனச் சுட்டுகின்றது. வாயிலாக வந்தவர்க்கு இசைதல் 'வாயில் நேர்தல்' எனவும், இசையாமை 'வாயில் மறுத்தல்' எனவும் பெயர் பெற்றன. கணினித் துறையில் ஏ.பி.ஐ. என வழங்குவதும் இத்தகையதோர் இடைநிலையே. ஒரு செயலி பிறிதொரு நிறுவனத்தின் தரவுக் களஞ்சியத்துள் தானே புகாது, குறித்த முறையிற் கேட்டுக் குறித்த அளவில் விடை பெறுதற்கு அமைந்த வழி அது. ஈண்டு அதனை 'நிரல்வாயில்' என்போம். தொழில்தொடர்புத் தளமாகிய லிங்க்ட்இன் இவ்வாயில்வழித் தரவு வழங்கும் முறையையும், அதில் உறுப்பினரின் இசைவு பெறும் இடத்தையும் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களம்

சென்னையின் மேற்குப் புறநகரை இவ்விளக்கத்திற்குக் களமாகக் கொள்ளலாம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் 1960-களில் தோன்றியவை. இன்று அம்பத்தூரில் பட்டறைகளுக்கு அருகிலேயே மென்பொருள் நிறுவனங்கள் இயங்குகின்றன; பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையை ஒட்டிப் பொறியியற் கல்லூரிகள் பல உள்ளன. அங்குப் பட்டம் பெறும் இளைஞர் பலர் தம் கல்வியையும் பணியையும் திறனையும் தளத்தில் எழுதி வைக்கின்றனர். இத்தகைய கல்லூரித் துறையொன்று தன் முன்னாள் மாணவர் பதிவேட்டைத் தொகுக்க விரும்புகின்றது எனக் கொள்வோம். 'எல்லாம் தளத்தில் இருக்கின்றன. நிரல்வாயில்வழி எடுத்துக்கொள்ளலாம்' என்னும் எண்ணமே முதலில் எழும். அவ்வெண்ணம் எத்துணைப் பொருந்தும் என்பதே வினா.

வாயிலின் இயல்பு

தரவு பெறும் முறை மூன்று படிகளை உடையது. முதற்கண், செயலியை உருவாக்குவோர் அதனைத் தளத்தில் ஒரு நிறுவனப் பக்கத்தோடு இணைத்துப் பதிவு செய்தல் வேண்டும். அதற்கென அடையாள எண்ணும் மறைகுறியும் வழங்கப்பெறும். இரண்டாவதாக, செயலி உறுப்பினரைத் தளத்தின் பக்கத்திற்கே அனுப்புகின்றது. எவ்வெத் தரவு கேட்கப்படுகின்றது என்பதை ஆங்குக் கண்டு, உறுப்பினர் இசையலாம், மறுக்கலாம். அவருடைய கடவுச்சொல் செயலியின் கைக்கு வருவதில்லை. மூன்றாவதாக, அவர் இசைந்தால் 30 நிமிடமே செல்லுபடியாகும் குறியீடு ஒன்று செயலிக்குக் கிட்டும். அதனையும் மறைகுறியையும் காட்டிச் செயலி 60 நாள் செல்லத்தக்க அணுகற்சீட்டைப் பெறும். 2012-இல் வெளியான ஓஆத் 2.0 என்னும் பொதுநெறியைத் தழுவியது இம்முறை.

இவ்வாறு பொது நிலையிற் பெறத்தக்கவை உறுப்பினரின் பெயர், படம், மின்னஞ்சல், மொழி ஆகியன போல்வனவே. பணி வரலாறும் தொடர்புப் பட்டியலும் இவற்றுள் அடங்கா. நாள் வரம்பை மீறிக் கேட்பின் 429 என்னும் எண்ணோடு மறுப்பு வரும். நம் நேரப்படி காலை 5.30 மணிக்கே புதுக் கணக்குத் தொடங்கும். எனவே, இசைந்த மாணவர் ஒருவரை அடையாளம் காண இவ்வாயில் உதவும். இசையாத நூற்றுவரைப் பதிவேட்டில் ஏற்ற உதவாது.

வாயில் சுருங்கிய வரலாறு

2003-இல் தொடங்கிய இத்தளம் 2009-இல் வெளிச் செயலிகளுக்கு வாயிலைத் திறந்தது. 2015 மே முதல் அதன் பெரும்பகுதி, ஒப்புதல் பெற்ற கூட்டு நிறுவனங்களுக்கு மட்டுமே உரியதாயிற்று. உறுப்பினர் நலன் ஒன்றே இதற்குக் காரணம் எனல் பொருந்தாது. ஆட்சேர்ப்புக் கருவிகளை விற்பது அந்நிறுவனத்தின் பெருவருவாய்களுள் ஒன்று. ஆதலின், தரவைக் காப்பது அதன் வணிகத்தைக் காப்பதும் ஆகும்.

மதில் தாண்டுதல்

வாயில் சுருங்கியவிடத்து மதில் தாண்டுவோர் தோன்றினர். பொதுப் பக்கங்களைச் செயலிகொண்டு திரட்டிய ஹைக்யூ லேப்ஸ் நிறுவனத்தை லிங்க்ட்இன் 2017-இல் தடுக்க முற்பட, அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்கு எழுந்தது. எவரும் காணத்தக்க பக்கங்களைத் திரட்டுதல் கணினிக் குற்றச் சட்டத்தை மீறாது என்னும் வாதத்திற்கு வலிமை உண்டு என மேன்முறையீட்டு நீதிமன்றம் 2019-இலும் 2022-இலும் கருதியது. எனினும், தளத்தின் பயனர் ஒப்பந்தத்தை ஹைக்யூ மீறியது என 2022 நவம்பரில் கீழ் நீதிமன்றம் முடிவு செய்தது. குற்றமன்று என்பதனால் ஒன்று முறையுடையது ஆகிவிடாது என்பதை இவ்வழக்கு காட்டுகின்றது.

இதன் தீங்கு கற்பனையன்று. 2021-இல் இத்தளத்திலிருந்து திரட்டிய கோடிக்கணக்கான உறுப்பினர் குறிப்புகள் விலைக்கு வைக்கப்பட்டன. ஒருவர் பயின்ற இடமும் பணியும் அறிந்தவன் போலி வேலை மடலை நம்பத்தக்க வகையில் எழுத வல்லவன். முதல் வேலை நாடும் ஆவடி இளைஞரே அதற்கு எளிதில் இரையாவர். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு என்பது தன் விருப்பினதாகவும் குறித்த நோக்கினதாகவும் அறிந்து அளித்ததாகவும் இருத்தல் வேண்டும் என்கின்றது. ஆயினும், ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்ட தரவை அது தன் எல்லைக்குப் புறம்பாக்குகின்றது. எனவே, சட்டம் நின்றவிடத்து அறம் தொடர வேண்டியுள்ளது. எல்லாரும் காண வைத்தது எல்லாரும் அள்ளிச் செல்ல வைத்தது ஆகாது.

முடிவு

ஐரோப்பிய ஒன்றியம் 2023 செப்டம்பரில் லிங்க்ட்இன் தளத்தை உடைய மைக்ரோசாப்ட் நிறுவனத்தை, 'வாயிற்காவலர்' எனப் பொருள்படும் பெயரால் சட்டப்படி சுட்டியது. 2024 மார்ச்சு முதல் அந்நாட்டு உறுப்பினர் தம் தரவைத் தாம் விரும்பும் செயலிக்கு மாற்றத் தனி வாயில் அமைந்தது. நம் நாட்டு உறுப்பினர்க்கு அவ்வாயில் இல்லை. எனினும், தம் தரவின் படியைத் தளத்தின் அமைப்புப் பகுதியிலிருந்து தாமே இறக்கிக்கொள்ளும் வசதி இங்கும் உண்டு. பதிவேடு தொகுக்கும் துறை, நோக்கத்தைக் கூறி முன்னாள் மாணவரிடமே அப்படியிலிருந்து வேண்டுவனவற்றைக் கேட்டுப் பெறுதலே நேரிய வழி. பதிவேடு சிறிதாகலாம், ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு பெயரும் இசைந்து வந்ததாக இருக்கும். வாயிலை அமைப்பது நிறுவனத்தின் செயல். நேர்தலும் மறுத்தலும் தரவுக்கு உரியவரின் உரிமை.