போல்ட்டு ஏன் அசைய மறுக்கிறது?

மலேசியாவின் மலாக்கா மாநிலத்துச் செலண்டாரில் கடல் கிடையாது, ரப்பரும் செம்பனையும்தான். ஆனால் அதே ஜாசின் மாவட்டத்தின் உம்பாய் கரையில், மலாக்கா நீரிணையின் உப்பில் ஊறிய படகு மோட்டாரைக் கழற்றப் போனால் தெரியும், போல்ட்டின் பிடிவாதம்.

மோட்டாரின் உடல் அலுமினியம். போல்ட்டு துருப்பிடிக்காத எஃகு. நடுவே உப்புநீர் புகுந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரி. அதில் அரிபடுவது அலுமினியம்தான். அரித்துப் பிறக்கும் வெள்ளைப் பொடி, கரைந்த உலோகத்தைவிட அதிக இடம் கேட்கும். மரைக்குள் ஆப்பு அடித்தாற்போல் இறுகிவிடும். அங்கே பலம் காட்டினால் தலை மழுங்கும், இல்லையேல் கழுத்து ஒடியும். பன்னிரண்டு மூலை ஸ்பேனரைவிட ஆறு மூலை சாக்கெட் நல்லது. அது பக்கங்களையும் சேர்த்துப் பிடிக்கும்.

பிறகு சூடு. (பெட்ரோலை முதலில் அப்புறப்படுத்துங்கள்!) ஒரு டிகிரிக்கு அலுமினியம் மீட்டருக்குச் சுமார் 23 மைக்ரோமீட்டர் விரியும், இந்த எஃகு சுமார் 17தான். 8 மி.மீ. போல்ட்டைச் சுற்றி 150 டிகிரி ஏற்றினால், துளை கூடுதலாகத் திறப்பது வெறும் 7 மைக்ரோமீட்டர். தலைமுடிப் பருமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு! அதற்கே பொடி நொறுங்கத் தொடங்கும். ஆறியபின் ஊடுருவும் எண்ணெய் விட்டு, ஒரேயடியாகத் திருகாமல், முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க வேண்டும்.