பொருள்வயிற் பெயர்வும் புகுந்த நகரும்
(யாழ்ப்பாணத்தார் கொழும்பு சென்றமை குறித்து ஒரு நோக்கு)

பொருள் தேடி ஊர்விட்டு ஊர் செல்லுதல் தமிழிலக்கியத்துக்குப் புதிய செய்தியன்று. சங்க அகப்பாடல்களுள் பாலைத்திணைக்குரியன பல பொருள்வயிற் பிரிவினையே பேசுகின்றன. அங்கே பிரிந்து செல்பவன் மீண்டு வருபவனாகவே கொள்ளப்படுகின்றான். சிலப்பதிகாரத்தில் நிலை வேறாகின்றது. புகாரிற் செல்வமனைத்தும் இழந்த கோவலன், மனைவியின் சிலம்பை முதலாகக்கொண்டு வாணிகஞ் செய்யும் எண்ணத்துடன் அவளையும் உடனழைத்து மதுரைக்குச் செல்கின்றான். மதுரையில் ஒரு பொற்கொல்லனின் சொல் ஏற்கப்படுகின்றது. கோவலனுக்காகச் சான்று கூறுவார் எவருமிலர். முறையான விசாரணையின்றி அவன் கொலையுண்கிறான். புதிய நகரொன்றுக்குப் பெயரும் எவரைக் குறித்தும் எழும் இரு வினாக்களை இவ்விரு மரபுகளும் நமக்குத் தருகின்றன. சென்றவன் மீள்வானா என்பது ஒன்று. புகுந்த நகர் அவனைத் தன்னவனாக ஏற்குமா என்பது மற்றையது.

இவ்விரு வினாக்களையும் துணையாகக்கொண்டு, யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து கொழும்புக்கு நிகழ்ந்த பெயர்வினை விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பெயர்வு பற்றிய கொள்கைகள்

மக்கட் பெயர்வினை முதன்முதலில் ஒழுங்குற ஆராய்ந்தவருள் இராவென்ஸ்ரைன் குறிப்பிடத்தக்கவர். குடிசன மதிப்பீடுகளை ஆதாரமாகக்கொண்டு 1885 இலும் 1889 இலும் அவர் வெளியிட்ட கட்டுரைகளிற் சில பொது விதிகள் கூறப்பட்டன. பெயர்வோரிற் பெரும்பாலோர் குறுகிய தூரமே செல்வர். நெடுந்தூரம் செல்வோர் பெரும்பாலும் வணிக, கைத்தொழில் மையங்களையே நாடுவர். ஒவ்வொரு பெயர்வோட்டமும் ஓர் எதிரோட்டத்தை உண்டாக்கும் என்பன அவற்றுட் சில. இறுதியிற் கூறிய விதி இலங்கைத் தமிழர் வரலாற்றிற் பெற்ற விபரீதமான பொருளைப் பின்னர் காண்போம்.

1954 இல் ஆதர் லூயிஸ் வெளியிட்ட கொள்கையின்படி, வேளாண்மைத் துறையில் மிகையாகவுள்ள உழைப்பு, உயர்ந்த ஊதியம் தரும் நவீன துறையை நோக்கிச் செல்லும். ஆயின், நகரங்களில் வேலையில்லாதோர் பெருகிய பின்னரும் கிராமத்தார் தொடர்ந்து வந்துகொண்டிருந்தமையை இக்கொள்கையால் விளக்குதல் இயலவில்லை. ஆபிரிக்க நாடுகளின் அனுபவத்தைக் கருத்திற்கொண்டு மைக்கல் ரொடாறோ 1969 இலும், ஜோன் ஹரிஸுடன் இணைந்து 1970 இலும் இதற்கு விடைகண்டார். பெயர்பவன் நகரின் ஊதியத்தை மட்டும் நோக்குவதில்லை. அவ்வூதியம் தனக்குக் கிட்டும் வாய்ப்பையும் சேர்த்தே மதிப்பிடுகின்றான். ஊரில் 100 ரூபா பெறுபவனுக்கு நகரில் 300 ரூபா வேலை கிடைக்கும் வாய்ப்புப் பாதியளவே எனக் கொள்வோம். அவனது எதிர்பார்ப்பு 150 ரூபா. ஆகவே அவன் புறப்படுவான். நகரிற் சில புதிய வேலைகள் உண்டாக்கப்படின், அச்செய்தி கேட்டு அவற்றினும் மிகுதியானோர் வந்து சேர்வர். வேலையின்மை குறைவதற்குப் பதிலாகக் கூடலும் கூடும். சுருங்கக் கூறின், நகரை நோக்கி மக்களை அழைப்பது ஊதியமன்று, ஊதியம் பற்றிய நம்பிக்கையாகும்.

இக்கணக்கினைச் செய்பவன் தனியொருவனாகவே இங்கு கொள்ளப்பட்டான். 1985 இல் ஒடெட் ஸ்ராக்கும் டேவிட் புளூமும் இக்கருத்தைத் திருத்தினர். பெயர்வு பற்றிய முடிவினைப் பெரும்பாலும் குடும்பமே எடுக்கின்றது. ஒரே நிலத்தையும் ஒரே தொழிலையும் நம்பியிருத்தலால் வரும் இடரைக் குறைத்தற்பொருட்டு, தன் உறுப்பினருள் ஒருவரை அது வேறிடத்துக்கு அனுப்புகின்றது என்பது அவர்தம் கருத்து. யாழ்ப்பாணத்துக் குடும்பத்தை அறிந்தவர்க்கு இக்கருத்து வியப்பளிக்காது.

2. குடாநாட்டின் நிலையும் உத்தியோக நாட்டமும்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல் நிலம். ஆண்டு முழுவதும் நீர்பாயும் ஆறுகள் அங்கில்லை. கிணற்று நீரை இறைத்தே புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் பயிரிடப்பட்டன. குடிசனச் செறிவு மிகுந்தமையாலும், சீதனமாகவும் முதுசமாகவும் காணிகள் தலைமுறைதோறும் பிரிக்கப்பட்டமையாலும், ஒருவர் பங்குக்கு எஞ்சியது சில பரப்புகளே. மூன்று ஆண்மக்களும் இரண்டு பெண்மக்களும் உள்ள வீட்டில் அனைவரும் தோட்டத்தை நம்பி வாழ்தல் கூடாமையாயிற்று.

இந்நிலையிற் கல்வி ஒரு புதிய வழியைத் திறந்தது. 1816 இல் அமெரிக்க மிசனரிமார் குடாநாட்டிற் பணிதொடங்கினர்; 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரி நிறுவப்பட்டது. பின்னர் சைவப் பாடசாலைகளும் ஆங்கிலக் கல்வியை வழங்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் மலாய் நாட்டில் புகையிரதப் பாதைகளும் அரசாங்க அலுவலகங்களும் பெருகியபோது, ஆங்கிலங் கற்ற யாழ்ப்பாண இளைஞர் பலர் இலிகிதராகவும் நிலைய அதிபராகவும் அங்கு சென்றனர். அவர்கள் அனுப்பிய பணமும், ஓய்வுபெற்று மீண்டோர் கட்டிய கல்வீடுகளும் ஊரில் எஞ்சியிருந்தோர்க்கு ஒரு பாடமாக விளங்கின. 'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்' என்னும் ஊர்வழக்கு அப்பாடத்தின் சுருக்கமெனலாம்.

1905 இல் வடபகுதிப் புகையிரதப் பாதை கொழும்புடன் முற்றாக இணைக்கப்பட்டது. கடல் வழியாகவோ காட்டுவழியாகவோ பல நாள் சென்ற பயணம் ஓரிரவுப் பயணமாயிற்று. 1956 ஏப்ரலில் யாழ்தேவி பகல்வேளையில் ஓடத்தொடங்கியது. உத்தியோகத்தரைப் போன்றே வணிகரும் தெற்கு நோக்கிச் சென்றனர். சிங்களப் பட்டினங்களிற் சுருட்டுக்கடை வைத்தவர் பலர் வடபகுதியார். தீவுப்பகுதிகளைச் சேர்ந்தோர், சிறப்பாகக் காரைநகர், புங்குடுதீவு ஆகிய ஊரவர், மளிகைக் கடையும் சாப்பாட்டுக் கடையும் நடத்தி நாடெங்கும் பரந்தனர்.

3. இரண்டு ஊர்களில் ஒரு குடும்பம்

இப்பெயர்வின் சிறப்பியல்பு யாதெனில், அது குடும்பத்தின் பெயர்வன்று என்பதாம். ஆடவன் கொழும்பில் உழைத்தான். மனைவியும் மக்களும் ஊரில் வாழ்ந்தனர். பல இளைஞர் கூடி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துச் சமையற்காரர் ஒருவரை அமர்த்தி வாழும் ஏற்பாட்டினைச் 'சமறி' என வழங்கினர். சமறியிற் சேர்பவன் பெரும்பாலும் ஊரவனாக அல்லது உறவினனாக இருப்பான். புதிதாய் வந்தவனுக்குப் பாய் விரிக்க இடமும், பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் வழியும், முதல் மாதச் செலவுக்குக் கைமாற்றும் அங்கு கிடைத்தன. ரொடாறோ கூறும் 'வாய்ப்பு' வானத்திலிருந்து வருவதன்று. அண்ணன் வழியாகவும் மைத்துனன் வழியாகவும் வருவது. உறவினர் இல்லாதவனுக்கு அவ்வாய்ப்பு மிகச் சுருங்கியதாகவே இருந்தது. சாதியும் ஊரும் சமறியின் கதவைச் சிலருக்குத் திறந்தன, சிலருக்கு அடைத்தன என்பதையும் மறைத்தலாகாது.

அரசாங்கச் சேவையின் அமைப்பும் இவ்விரட்டை வாழ்வுக்குத் துணைநின்றது. உத்தியோகத்தர்க்கு வழங்கப்பட்ட இலவசப் புகையிரத 'வாறண்டு' ஆண்டிற் சில முறை ஊர்செல்ல உதவியது. ஓய்வூதியம் இறுதியில் ஊர் மீளுதலை உறுதிசெய்தது. ஆகவே பலர் வெள்ளவத்தையில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தும் அங்கே ஒரு துண்டு நிலம் வாங்கினாரல்லர். ஈட்டிய பணம் மணியோடராக ஊர் சென்றது. அது தம்பியின் படிப்பாகவும் தங்கையின் சீதனமாகவும் புதுவீட்டின் அத்திவாரமாகவும் மாறியது. தங்கையர் இருவரைக் கரைசேர்த்த பின்னரே தான் மணம்புரியலாம் எனக் காத்திருந்து நாற்பது வயதைக் கடந்த மூத்த மகன் யாழ்ப்பாணச் சமூகத்தில் அரிதான ஒருவனல்லன்.

நன்மை எதிர்நோக்கிச் செய்யப்பட்ட இப்பெயர்வின் விலையைக் கொடுத்தவருள் அவனும் ஒருவன். ஆயின் மிகுதியாகக் கொடுத்தவர் பெண்களே எனல் வேண்டும். கணவன் வருடத்தில் மூன்று, நான்கு முறை விருந்தினன்போல் வந்து சென்ற வீட்டில், தோட்டக் கூலியையும் பிள்ளைகளின் கல்வியையும் முதியோரின் பிணியையும் கவனித்தவள் மனைவி. பணம் அனுப்புபவனே குடும்பத்தலைவன் என ஊர் கருதியது. குடும்பத்தை நடத்தியவளுக்கு அப்பெயர் வழங்கப்படவில்லை. பாலைத்திணை பிரிவாற்றாமையைப் பாடிற்று. அப்பிரிவுக் காலத்தில் வீட்டில் நிகழ்ந்த உழைப்பு இன்னும் போதியளவு எழுதப்படவில்லை.

காலப்போக்கிற் சிலர் குடும்பத்துடன் கொழும்பில் தங்கலாயினர். 1942 இல் கொழும்புத் தமிழ்ச் சங்கம் தோன்றியது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை ஆகிய பகுதிகளிற் கோயில்களும் பாடசாலைகளும் கடைகளும் சூழ ஒரு தமிழ் நகர்வாழ்வு உருப்பெற்றது. புகுந்த நகர் தம்மை ஏற்றுக்கொண்டது என அவர்கள் நம்புதற்கு அன்று ஏதுக்கள் இருந்தன.

4. நம்பிக்கையின் முறிவு

அந்நம்பிக்கை இருவகையில் முறிந்தது. முதலாவது, உத்தியோக வாய்ப்பு. 1956 இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாக்கப்பட்டது. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையிற் சித்தியடையாத உத்தியோகத்தரின் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. எழுதுவினைஞரான கோடீஸ்வரன் இதனை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தார். 1964 இல் மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அரசாங்க ஊழியர் சம்பளங்கோரி முடிக்கு எதிராக வழக்காட முடியாதெனக் கூறி 1967 இல் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. 1969 இற் கோமறைக் கழகம் வழக்காடும் உரிமை உண்டெனக் கூறி, அடிப்படை வினாவை ஆராயும்படி வழக்கினைத் திருப்பியனுப்பியது. அவ்வினாவுக்கு விடை கூறப்படவேயில்லை. ஓர் எழுதுவினைஞரின் சம்பள உயர்வு சிறிய தொகையே. ஆயின், பரீட்சையிற் சித்தியடைந்தால் வேலையும், வேலைசெய்தால் உயர்வும் உண்டு என்னும் ஒப்பந்தத்தை நம்பியே மூன்று தலைமுறையினர் புகையிரதம் ஏறியிருந்தனர்.

இரண்டாவது, உயிர்ப்பாதுகாப்பு. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களிற் கொழும்புத் தமிழர் தாக்கப்பட்டனர். 1958 இலும் 1983 இலும் அகதிகள் கப்பலேற்றப்பட்டுக் காங்கேசன்துறையில் இறக்கப்பட்டனர். இராவென்ஸ்ரைன் கண்ட எதிரோட்டம் தாமே மனமுவந்து மீள்வோரின் ஓட்டம். இதுவோ துரத்தப்பட்டோரின் ஓட்டம். அவ்வேளை, பயனற்ற முதலீடு எனப் பொருளியல் நோக்கிற் குறைகூறத்தக்க ஊர் வீடே புகலிடமாயிற்று. நகரில் வீடு வாங்காது ஊரில் வீடு கட்டியவன் பழமைவாதியல்லன். நகர் தன்னை முழுதும் ஏற்கவில்லை என்பதை உள்ளூர உணர்ந்தவன் என்றே கொள்ளத் தோன்றுகின்றது.

1990 இன் பின்னர் இவ்வரலாறு தலைகீழாயிற்று. யாழ்தேவி வடக்கே செல்லாதொழிந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். தாம் பிறந்த ஊரே தம்மை ஏற்க மறுத்த துயர் அவர்களுடையது. 1995 இல் வலிகாமம் முற்றாக இடம்பெயர்ந்தது. ஊர் பாதுகாப்பற்றதாகவே, முன்னர் துரத்திய கொழும்பையே பலர் மீண்டும் நாடினர். அவர்களுட் பலர் வெளிநாட்டுப் பயணத்தை எதிர்நோக்கி விடுதிகளிற் காத்திருந்தனர். பொலிசுப் பதிவுத் துண்டு அவர்தம் வதிவிட உரிமையாயிற்று. 2007 ஜூனில் இவ்வாறு விடுதிகளில் இருந்தோருள் நூற்றுக்கணக்கானோர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அந்நடவடிக்கைக்கு இடைக்காலத் தடை விதித்தது. கோவலனுக்கு வாய்க்காத விசாரணை இவர்களுக்குக் காலந்தாழ்ந்தேனும் வாய்த்தது எனலாம்.

5. முடிவுரை

2014 இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. இளைஞர் இன்றும் தெற்கு நோக்கிச் செல்கின்றனர். மலையகத் தோட்டங்களிலிருந்து கொழும்புக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் வேலைக்கு வரும் இளைஞரும் பெண்களும் வேறோர் ஓட்டமாவர். அவர்களுக்கு வாறண்டும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. மீண்டு சென்றால் தமக்கென வீடும் பலருக்கு இல்லை. யாழ்ப்பாணத்து உத்தியோகத்தருக்குப் பின்னால் ஒரு காணி இருந்தது. இவர்களுக்குப் பின்னால் இருப்பது பிறர்க்குரிய லயன் அறையே. ஆகவே நகர் ஏற்காதொழியின் இவர்தம் இழப்பு இன்னும் பெரிது.

மேற்கூறியவற்றால் ஒன்று தெளிவாகின்றது. பெயர்வின் பயனை ஊதியத்தால் மட்டும் அளத்தல் கூடாது. சென்றவன் எவர் துணையால் சென்றான், அவன் சென்றமையால் வீட்டில் எவர் சுமை கூடிற்று, புகுந்த நகரின் சட்டமும் மொழியும் அவனுக்குச் சான்றாய் நின்றனவா என்னும் மூன்றினையும் சேர்த்தே அளத்தல் வேண்டும். நகரில் வேலை பெறுதல் பெயர்பவனின் முயற்சியால் ஆகக்கூடியது. நகருக்கு உரியவனாதல் அவன் முயற்சியால் மட்டும் ஆவதன்று.

சமறி வாழ்வினை அறிந்த தலைமுறையினர் இன்று முதுமை எய்திவிட்டனர். அவர்தம் நினைவுகளும், அவர்தம் மனைவியர் பேணி வைத்த கடிதங்களும் மணியோடர்த் துண்டுகளும் நம் சமூக வரலாற்றுக்குரிய மூலங்களாகும். அவற்றைத் தத்தம் ஊர்களிலும் வீடுகளிலும் தேடித் தொகுத்தல் பல்கலைக்கழக மாணவர்க்கு இயலக்கூடிய பணியாகும். காலந்தாழ்த்தின் அவையும் அழிந்தொழியும்.