உப்பு கொன்ற காடு! வாய்க்கால் கொடுத்த உயிர்!

வேலூர் லாங் பஜார். காலை நேரம்.

மூட்டை சுமப்பவர்கள் "வழி, வழி!" என்று கூவிக்கொண்டு போகிறார்கள். தள்ளுவண்டி ஒருபுறம், ஆட்டோ ஒருபுறம். நடுவே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு குடும்பத் தலைவி நடக்கிறார். மளிகைக் கடையில் ஒரு பாக்கெட் உப்பு வாங்குகிறார். பிறகு கருவாடு வாங்குகிறார். பேரம் பேசி, பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகிறார்.

அவர் வாங்கிய உப்பு கடலிலிருந்து வந்தது. கருவாடும் கடலிலிருந்து வந்தது. ஆனால் லாங் பஜாரில் நின்று பார்த்தால் கடல் தெரியாது. கோட்டை தெரியும், மலை தெரியும். கடல் பார்க்க வேண்டுமானால் பஸ் ஏறிச் சென்னைக்குப் போகவேண்டும். சுமார் 140 கிலோ மீட்டர் தூரம்!

"கடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று வேலூர்க்காரர் கேட்கலாம்.

சம்பந்தம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள, ஒரு காட்டின் கதையைக் கேட்கவேண்டும். உப்பினால் செத்துக்கொண்டிருந்த காடு அது. ஆராய்ச்சியாளர்கள் அதன் நோயைக் கண்டுபிடித்தார்கள். கிராமத்து மக்கள் மண்வெட்டி பிடித்து அதற்கு வைத்தியம் செய்தார்கள்.

உப்பு என்ன செய்யும்?

உப்பு இல்லாத பண்டம் குப்பையிலே என்பார்கள். ஆனால் உப்பு மிஞ்சினால் என்ன ஆகும்? அது வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை மக்களுக்கு நன்றாகத் தெரியும்.

உரித்த தோல் அழுகாமல் இருக்க உப்புத் தடவுவார்கள். தோலின் எடையில் 40 சதவீதம் வரைகூட உப்புப் போடுவது உண்டு. பதனிடும்போது அந்த உப்பைக் கழுவவேண்டும். கழுவிய தண்ணீர் பல ஆண்டுகள் பாலாற்றுப் பக்கம் ஓடியது. உப்போடு குரோமியம் போன்ற ரசாயனங்களும் சேர்ந்து ஓடின. கிணற்றுத் தண்ணீர் கரித்தது. தென்னை காய்ந்தது. நெல் விளைந்த நிலம் வெளுத்துப்போனது.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 1996-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. "கெடுத்தவரே ஈடு கட்டவேண்டும்" என்ற கொள்கையை அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. தண்ணீரைச் சுத்தப்படுத்தாத தொழிற்சாலை இயங்கக்கூடாது என்றும் ஏற்பட்டது. 2025-ம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் தீர்ப்புக் கூறியது. பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்ட ஈடு கொடுக்கவும், பாலாற்றைச் சுத்தப்படுத்தக் குழு அமைக்கவும் உத்தரவிட்டது.

ஆக, உப்பு மண்ணை எப்படிக் கொல்லும் என்று வேலூருக்கு யாரும் பாடம் சொல்லவேண்டியது இல்லை. அதே உப்புதான் கடற்கரையில் ஒரு காட்டையும் கொன்றுகொண்டிருந்தது.

தில்லை மரம்

அந்தக் காட்டின் பெயர் பிச்சாவரம். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் உள்ளது. வெள்ளாறு ஒருபுறம், கொள்ளிடம் மறுபுறம், கிழக்கே வங்கக் கடல். நடுவே 51 சின்னஞ்சிறு தீவுகள். தீவுகள் முழுவதும் மரங்கள். மொத்தப் பரப்பு சுமார் 1,100 எக்டேர். எம்.ஜி.ஆர். நடித்த "இதயக்கனி" படத்தில் படகுக் காட்சிகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காடு ஞாபகம் இருக்கும்.

சிதம்பரத்துக்குப் பழைய பெயர் தில்லை. தில்லை என்பது ஒரு மரத்தின் பெயர். நடராஜர் கோவிலின் தல விருட்சமும் அதுதான். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. அந்தத் தில்லை மரம் இன்றும் பிச்சாவரத்தில் வளர்கிறது. அதுவும் உப்பங்கழி ஓரத்து மரம்தான்.

சாதாரண மரத்துக்கு உப்புத் தண்ணீர் ஊற்றினால் செத்துப்போகும். இந்த மரங்கள் எப்படி வாழ்கின்றன?

ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு தந்திரம் உண்டு. வெண்கண்டல் மரம் உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடும். இலையை நாக்கில் வைத்தால் கரிக்கும். சேற்றில் காற்று இருக்காது. அதனால் அதன் வேர்கள் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்து மூச்சுவிடும். பென்சில்களை வரிசையாக நட்டு வைத்ததுபோல் இருக்கும்!

சுரபுன்னை மரத்தின் தந்திரம் வேறு. அதன் விதை மரத்தில் தொங்கும்போதே முளைத்துவிடும். நீண்ட முளையோடு கீழே விழுந்து சேற்றில் வேர் பிடிக்கும். தாயின் இடுப்பில் இருந்து வளர்ந்த பிறகு குழந்தை இறங்கி நடப்பதுபோல!

இந்த வேர்களுக்கு இடையில்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒளிந்து வளர்கின்றன. பெரிய மீன் உள்ளே நுழைய முடியாது. வளர்ந்த பிறகு அவை கடலுக்குப் போகின்றன. காடு அழிந்தால் குஞ்சு அழியும். குஞ்சு அழிந்தால் வலை காலி. வலை காலியானால் லாங் பஜாரில் கருவாட்டு விலை ஏறும்.

பரங்கிப்பேட்டை ஆராய்ச்சி நிலையம்

பிச்சாவரத்துக்கு வடக்கே, வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது பரங்கிப்பேட்டை. அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆராய்ச்சி மையம் உள்ளது. பேராசிரியர் ஆர்.வி. சேஷையா அதற்கு அடித்தளம் இட்டவர். 1963-ல் அது உயர் ஆராய்ச்சி மையமாக அங்கீகாரம் பெற்றது.

அங்கே படிக்க வரும் மாணவர்களுக்கு வகுப்பறை மட்டும் போதாது. முழங்கால் சேற்றில் இறங்கவேண்டும். படகில் போகவேண்டும். தண்ணீரை எடுத்துவந்து உப்பு எவ்வளவு என்று அளக்கவேண்டும். மீன் குஞ்சையும் நண்டையும் எண்ணவேண்டும். மாதாமாதம், வருடாவருடம் இதே வேலை. காட்டு மரங்களைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்களில் ஒருவர் பேராசிரியர் கதிரேசன். வெள்ளாற்றின் கரையில் புதிதாக மரங்களை நட்டு வளர்த்தும் காட்டினார்கள்.

குற்றவாளி யார்?

பிச்சாவரத்தில் பல இடங்கள் மொட்டையாகக் கிடந்தன. மரம் இல்லை. கன்று நட்டாலும் பிழைக்கவில்லை. தரை உப்புப் பூத்துக் கிடந்தது.

"காரணம் யார்?" என்று கேள்வி எழுந்தது.

"கிராமத்து ஜனங்கள்தான்! விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள்" என்று பலரும் சொன்னார்கள். ஏழைகள் மேல் பழி விழுந்தது.

சென்னையில் டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன் 1988-ல் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1990-களில் இங்கே வந்தார்கள். வி. செல்வம் முதலானவர்கள் தரையை அளந்தார்கள். பழைய வனத்துறைக் கணக்குகளைப் புரட்டினார்கள். உண்மை வெளியே வந்தது.

வெள்ளைக்காரர் காலத்திலிருந்து 1970-கள் வரை, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து முறை வைத்து மொட்டையாக வெட்டினார்கள். ஒரு பகுதியில் ஒரு மரம்கூட விடாமல் வெட்டியதால் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. சேற்றில் இருந்த ஈரம் வற்றியது. ஈரம் வற்றியதும் தரை அமுங்கித் தாம்பாளம்போல் குழிந்துவிட்டது.

பிறகு என்ன நடந்தது? கடல் ஏறும்போது தண்ணீர் அந்தக் குழிக்குள் வந்தது. கடல் வற்றும்போது தண்ணீர் திரும்பிப் போகவில்லை. தேங்கி நின்றது. வெயிலில் தண்ணீர் ஆவியானது. உப்பு மட்டும் தங்கியது. மறுபடி தண்ணீர், மறுபடி உப்பு. உப்பளத்தில் உப்பு விளைவதும் இப்படித்தானே? காட்டுக்குள்ளேயே ஓர் உப்பளம் உண்டாகிவிட்டது! உப்பைத் தாங்கும் மரமும் அந்த அளவு உப்பைத் தாங்கவில்லை.

கிராம மக்கள் மேல் இருந்த பழி நீங்கியது. குற்றம் வெட்டிய முறையில் இருந்தது.

மீன் முள் வாய்க்கால்

நோய் தெரிந்துவிட்டது. மருந்து?

மருந்து மிகவும் எளியது. வாய்க்கால்!

நடுவே பெரிய வாய்க்கால் வெட்டினார்கள். அதன் இருபுறமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள் வெட்டினார்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள்ளைப்போல் தெரியும். கடல் ஏறும்போது தண்ணீர் எல்லா மூலைக்கும் போகும். வற்றும்போது முழுவதும் வடியும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை கடலே வந்து தரையைக் கழுவிவிட்டுப் போகும்! உப்பு குறைந்தது. வாய்க்கால் கரைகளில் கன்று நட்டார்கள். கன்று பிழைத்தது.

வெட்டியவர்கள் யார்? பழி சுமந்த அதே கிராம மக்கள்தான். ஊர்தோறும் குழு அமைத்தார்கள். வனத்துறையும் சேர்ந்துகொண்டது. வாய்க்கால் வெட்டினால் மட்டும் போதாது. சேறு படிந்து மூடிக்கொள்ளும். அவ்வப்போது தூர் வாரவேண்டும். அந்த வேலையையும் அவர்களே பார்த்தார்கள். 1980-களில் எடுத்த செயற்கைக்கோள் படத்தையும் 2002-ல் எடுத்த படத்தையும் ஒப்பிட்டார்கள். காடு வெகுவாகப் பெருகியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. காலையில் சுமத்ரா அருகே கடலுக்கடியில் பூகம்பம். சில மணி நேரத்தில் சுனாமி தமிழ்நாட்டுக் கரையில் மோதியது. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8 ஆயிரம் பேர் இறந்தார்கள். கடலூர்க் கரையும் தப்பவில்லை.

பிச்சாவரம் பகுதியில் என்ன நடந்தது? செல்வமும் பல நாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து ஆராய்ந்து 2005-ல் எழுதினார்கள். கடலோரம் இருந்த இரண்டு ஊர்கள் முழுவதும் நாசமாயின. காட்டுக்குப் பின்னால் இருந்த மூன்று ஊர்களுக்குச் சேதம் இல்லை!

பரங்கிப்பேட்டை ஆராய்ச்சியாளர்களும் அந்தப் பகுதியில் 18 குப்பங்களுக்குப் போனார்கள். கணக்கெடுத்தார்கள். மரங்கள் அலையின் வேகத்தைக் குறைத்தன என்று சொன்னார்கள்.

வேறு சில விஞ்ஞானிகள் இதை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. "காப்பாற்றியது காடு மட்டும்தானா? அந்த ஊர்கள் கடலுக்குத் தூரத்தில் இருந்தன, மேட்டில் இருந்தன. அதுதான் முக்கிய காரணம்" என்று வாதாடினார்கள். விஞ்ஞானத்தில் இப்படி வாதாடுவது நல்லது. மனிதர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் அல்லவா? காட்டை நம்பிக் கடல் ஓரத்தில் வீடு கட்டிவிடக்கூடாது. தூரமும் வேண்டும், மேடும் வேண்டும், காடும் வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு.

2022-ல் பிச்சாவரம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

லாங் பஜார் என்ன செய்யலாம்?

காட்டின் ஆபத்து தீர்ந்துவிடவில்லை. கடல் மட்டம் உயர்கிறது. ஆறுகளில் நல்ல தண்ணீர் வரத்து குறைந்துவிட்டது. நல்ல தண்ணீர் வராவிட்டால் உப்பு மறுபடி கூடும்.

பாலாற்றைப் பாருங்கள். கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறக்கிறது. ஆந்திராவைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகச் செங்கல்பட்டு மாவட்டம் வயலூர் அருகே கடலில் கலக்கிறது. நீளம் 348 கிலோ மீட்டர். பெரும்பாலான நாட்களில் வெறும் மணல்தான். ஆனால் 2021 நவம்பரில் வெள்ளம் கரை புரண்டதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள்.

அப்படி வெள்ளம் வரும்போது ஆறு வெறுங்கையோடு போவது இல்லை. சாக்கடையில் அடைத்துக்கொண்டிருந்த பிளாஸ்டிக் பை, மணலில் கிடந்த கழிவு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு கடலுக்குப் போகிறது. வேலூரில் எறிந்த பை வயலூரில் மீனவர் வலையில் சிக்கலாம்.

ஒரு தடவை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-ந் தேதி முதல் தடை இருக்கிறது. தடை சட்டத்தில் இருந்தால் போதாது. கையிலும் ஒரு துணிப்பை இருக்கவேண்டும். தோல் தொழில் பல ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. தொழிலும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். உப்பைக் கழுவுமுன் உதறிச் சேர்ப்பதும், கழிவு நீரைச் சுத்தப்படுத்தி மறுபடி உபயோகிப்பதும் அதற்கு வழிகள்.

பிச்சாவரம் சொல்லும் பாடம் இதுதான்: உப்பினால் கெட்ட மண்ணும் திரும்பும். நோய் என்ன என்று பொறுமையாக ஆராயவேண்டும். தெரிந்த பிறகு, பழி சொல்லிக்கொண்டு நிற்காமல் எல்லோரும் மண்வெட்டி எடுக்கவேண்டும். பிறகு வருடந்தோறும் தூர் வாரவேண்டும்.

லாங் பஜாரில் உப்பும் கருவாடும் வாங்கிய அந்தக் குடும்பத் தலைவி வீட்டுக்குப் போய்விட்டார். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. பரங்கிப்பேட்டையில் அதே நேரத்தில் ஒரு மாணவர் சேற்றில் இறங்கி, ஒரு குப்பியில் தண்ணீர் எடுத்து, உப்பு எவ்வளவு என்று அளந்துகொண்டிருக்கக்கூடும். அவர் அளப்பதில் இந்தக் குழம்பின் கணக்கும் இருக்கிறது.