தொட்டி மாற்றிய பாம் செடி வாடுகிறதா? அவசரப்படாதீங்க!

நர்சரியில் பார்த்தபோது பச்சைப் பசேலென்று இருந்த அரிக்கா பாம், வீட்டுக்குக் கொண்டுவந்து பெரிய தொட்டிக்கு மாற்றிய சில நாளிலேயே ஓலை நுனி கருகி, மட்டை தொங்கி நிற்கிறதா? மதுரையில் மாடியிலும் வாசலிலும் பாம் வளர்ப்பவர்கள் பலரும் இதைப் பார்த்திருப்பீர்கள். உடனே நாம் என்ன செய்கிறோம்? இன்னொரு வாளி தண்ணீர், ஒரு கைப்பிடி உரம். பிழைக்க வேண்டிய செடி போவதும் பெரும்பாலும் இதனால்தான்.

ஏன் வாடுகிறது?

மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சுவது மெல்லிய நுனி வேர்கள். தொட்டி மாற்றும்போது அவை அறுந்துவிடும். மேலே ஓலைகள் அத்தனையும் இருக்க, கீழே வேர் குறைந்துபோனதால் செடி வாடுகிறது. அந்த நேரத்தில் தண்ணீரைத் தேக்கினால் மண்ணில் காற்று இல்லாமல் மிச்ச வேரும் அழுகும். செடி மேலும் வாடும். நாமும் மேலும் ஊற்றுவோம்!

முதலில் குருத்தைப் பாருங்க

பாம், நம்ம பனை, தென்னையின் இனம். தலை போன பனை திரும்பத் துளிர்க்காது. பாம் தண்டும் அப்படித்தான். ஒரு தண்டுக்கு ஒரே குருத்து. நடுக்குருத்து பச்சையாக, விறைப்பாக இருந்தால் கவலை வேண்டாம். லேசாக இழுத்ததும் கையோடு வந்து, நாற்றம் அடித்தால் அந்தத் தண்டு அழுகிவிட்டது. அதை அடியோடு வெட்டி எடுத்துவிடுங்கள். அரிக்கா கூட்டமாக வளர்வதால் மற்ற தண்டுகள் பிழைக்கலாம்.

என்ன செய்யணும்?

• நேர் வெயில் படாத, வெளிச்சமான இடத்துக்கு மாற்றுங்கள். அரிக்காவின் தாயகம் மடகாஸ்கர் தீவின் ஈரக் காடுகள். நம்ம ஊர் மொட்டை மாடி வெயில் அதற்கு ஆகாது.

• விரலை 2 அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால், அடித்துளை வழியே வடியும் வரை ஊற்றுங்கள். தட்டில் தேங்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

• தண்டின் அடி மண்ணில் புதைந்திருந்தால், முன்பு இருந்த மட்டத்துக்கு மேல் மண்ணை விலக்கிவிடுங்கள்.

• முழுசாகக் காய்ந்த ஓலையை மட்டும் வெட்டுங்கள். பாதி மஞ்சளான ஓலையிலிருந்தும் செடி சத்தை எடுத்துக்கொள்ளும்.

• புது ஓலை விரியும் வரை உரம் வேண்டாம். அதற்கு இரண்டு, மூன்று மாதம்கூட ஆகலாம். இடையில் வேரைத் தோண்டிப் பார்க்காதீர்கள்.

தண்ணீரிலும் கவனம்

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் ஓலை நுனி கருகும். மண்மேல் வெள்ளையாகப் படியும். ஆர்ஓ மெஷின் வெளியேற்றும் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம். அதை பாமுக்கு ஊற்றாதீர்கள். சேமித்த மழைத் தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் நல்லது. மண்ணில் சேர்க்கும் தென்னை நார்க்கழிவிலும் உப்பு உண்டு. ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசிய பிறகே சேர்க்கணும்.

அடுத்த முறை மாற்றும்போது

அக்னி நட்சத்திரத்திலோ ஆடிக் காற்றிலோ தொட்டியை மாற்ற வேண்டாம். ஐப்பசி மழை தொடங்கும் சமயம் நல்லது. பழைய வேர்மண்ணை உதிர்க்காமல், அப்படியே தூக்கி வையுங்கள். தொட்டி ஓர் அளவு பெரியதாக இருந்தால் போதும்.

யாரிடம் கேட்கலாம்?

குருத்து அழுகல், பூச்சி போன்ற சந்தேகம் இருந்தால், காலை 6 முதல் இரவு 10 மணி வரை 1800-180-1551 என்ற கட்டணமில்லா கிசான் கால் சென்டர் எண்ணில் தமிழிலேயே பேசலாம். உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலும், மதுரை வேளாண்மைக் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை கேட்கலாம். போகும்போது குருத்து, ஓலை, அடித்தண்டு மூன்றையும் தனித்தனியாக போட்டோ எடுத்துக்கொண்டு போங்க; என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க அது உதவும்.

குருத்து பச்சையாக இருக்கும் வரை செடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதற்கு இப்போது வேண்டியது நிழலும், அளவான ஈரமும், உங்கள் பொறுமையும்தான்.