கிலோக் கணக்கும் கோப்பைக் கணக்கும்: கேமரன் மலைத் தேயிலையின் வரவு செலவு

கேமரன் மலையில் தேயிலை பயிரிட்டால் நட்டம்தான் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டலாம். அதே செடியின் அதே கொழுந்தை வைத்துத் தாராளமாகப் பிழைக்கலாம் என்றும் இன்னொரு கணக்குப் போடலாம். கூட்டல் கழித்தலில் இரண்டிலும் பிழை இராது. முதல் கணக்கு கிலோவில் போட்டது, அடுத்தது கோப்பையில். தொழில் தொடங்க நினைக்கும் நம் இளைஞர்கள் மேலாண்மைப் புத்தகம் வாங்குவதற்கு முன் இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம்.

முதலில் அளவு. போ (BOH) தேயிலை நிறுவனத்தை ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் தொடங்கினார். இன்று ஹாபு, சுங்கை பாலாஸ், பேர்லி என மலையில் மூன்று தோட்டங்கள். சிலாங்கூரில் புக்கிட் சீடிங் என்று சமவெளியில் ஒன்று. மொத்தம் ஏறக்குறைய 1,200 ஹெக்டேர். ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் கிலோ தூள். மலேசியாவில் விளையும் தேயிலையில் 70 விழுக்காடு இதுதான். நாளொன்றுக்கு 55 லட்சம் கோப்பை என்று நிறுவனம் சொல்லிக்கொள்கிறது. விளம்பர எண்ணை அப்படியே நம்புவது வியாபாரிக்கு அழகல்ல, சரிபார்ப்போம். தேநீர்ப் பை ஒன்றில் 2 கிராம். ஒரு கிலோவுக்கு 500 கோப்பை. 40 லட்சத்தை 500-ஆல் பெருக்கினால் 200 கோடி. 365-ஆல் வகுத்தால் 54 லட்சத்து 79 ஆயிரம். எண் நிற்கிறது.

ஹெக்டேருக்கு எவ்வளவு? 3,300 கிலோவுக்கு மேல். இலங்கை 2023-இல் விளைவித்தது சுமார் 25 கோடியே 60 லட்சம் கிலோ. பரப்பு 2 லட்சம் ஹெக்டேருக்குக் குறையாது. ஆகவே அங்கே ஹெக்டேருக்கு 1,300 கிலோவை எட்டாது. இந்த வேறுபாட்டுக்கு மண்ணும் மழையும் ஓரளவு காரணம். சம்பளம் ஏறிய நாட்டில் குறைந்த விளைச்சலோடு ஒரு தோட்டம் உயிரோடிருக்க முடியாது என்பதும் காரணம்.

அடுத்தது சுருக்கம். பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 100 கிலோவில் 78 கிலோ தண்ணீர் என்று வைத்தால், 3 விழுக்காடு ஈரத்தோடு காய்ந்து வெளியே வருவது 22.7 கிலோ. வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தி, சலித்து முடிப்பதற்குள் காம்பும் தூசும் கொஞ்சம் போகும். அதனால் 5 கிலோ கொழுந்துக்கு 1 கிலோ தூள் என்று கணக்கு வைப்பது பாதுகாப்பு. 40 லட்சம் கிலோ தூளுக்கு 2 கோடி கிலோ கொழுந்து வேண்டும். சராசரியாக நாளுக்கு 55 ஆயிரம் கிலோ. ஊறுகாய் போடுகிறவரும் முறுக்கு சுடுகிறவரும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். வாங்கிய எடைக்கு அடக்கம் போட்டு, விற்கும் எடையை மறந்துவிடுகிறார்கள்.

இனிக் கூலி. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2013 ஜனவரியில் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கியது. 2019-இல் 1,100, 2022 மே மாதத்தில் 1,500, 2025 பிப்ரவரியில் 1,700. வாரம் ஆறு நாள் வேலைக்கு, நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. கீழே உள்ள கிலோ அளவுகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. சரிவுக்கும் பருவத்துக்கும் தக்கபடி கூடும், குறையும்.

கையால் கிள்ளினால், ஒருவர், 20 கிலோ கொழுந்து: தூள் 4 கிலோ. ஒரு கிலோ தூளுக்குப் பறிகூலி 16.35 வெள்ளி.
பை பொருத்திய கத்தரியால், ஒருவர், 60 கிலோ: தூள் 12 கிலோ. பறிகூலி 5.45 வெள்ளி.
இருவர் ஏந்தும் இயந்திரத்தால், 300 கிலோ: தூள் 60 கிலோ. பறிகூலி 2.18 வெள்ளி.

ஆப்பிரிக்காவின் மொம்பாசா தேயிலை ஏலத்தில் ஒரு கிலோ தூள் அண்மை ஆண்டுகளில் 2 முதல் 2.5 டாலருக்குள் போகிறது. டாலருக்கு 4.20 வெள்ளி வைத்தால் எட்டரை முதல் பத்தரை வெள்ளி. ஆலைச் செலவு, உரம், லாரி, மூட்டை எல்லாம் முடிந்து ஆப்பிரிக்கத் தேயிலை விற்கும் விலை அது. இங்கே கையால் கிள்ளுகிற கூலி மட்டுமே 16 வெள்ளியைத் தாண்டுகிறது. ஆக, மூட்டையில் தூள் விற்று மொம்பாசாவோடு போட்டியிட நினைத்தால் முதல் நாளே கடையை மூடலாம்.

ஆள் கணக்கையும் பார்த்துவிடுவோம். 2 கோடி கிலோவைக் கையால் கிள்ள 10 லட்சம் ஆள்நாள் ஆகும். ஆண்டுக்கு 312 வேலை நாள் என்றால் 3,200 பேர். எல்லாவற்றையும் இயந்திரத்தால் எடுத்தால் 430 பேர்கூட வேண்டாம். சரிவு அதிகமான இடத்தில் இயந்திரம் ஏறாது. ஏறும் இடத்திலும் முற்றின இலையையும் காம்பையும் சேர்த்து அறுத்துவிடும். அதனால் உண்மை இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிறது. கங்காணி காலத்திலிருந்து கூடை சுமந்த தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை மலையைவிட்டு இறங்கி, அந்த இடத்துக்கு வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் வந்த கதை இந்த இடைவெளிக்குள் அடங்கியிருக்கிறது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப் பலகைகள் இன்னும் அங்கே உண்டு. எந்தப் பேரேட்டிலும் அவற்றுக்கு ஒரு பத்தி இல்லை.

இப்போது கோப்பைக் கணக்குக்கு வருகிறேன். மேலே கண்ட 16.35 வெள்ளியை 500-ஆல் வகுங்கள். ஒரு கோப்பைக்குப் பறிகூலி 3.27 காசு. இயந்திரக் கூலி என்றால் அரைக் காசுகூட இல்லை. ஒருவர் நாள் முழுக்கக் கையால் கிள்ளும் 20 கிலோ கொழுந்து 2,000 கோப்பை தேநீராகிறது. கோப்பை 5 வெள்ளி என்று வைத்தால் 10,000 வெள்ளி. அவருடைய அன்றைய கூலியை எடுக்கப் பதிமூன்று கோப்பையும் ஒரு மிடறும் போதும். மீதி லாபம் என்று யாரும் துள்ள வேண்டாம். வாடகை, பால், சீனி, பரிமாறும் ஆள், மழை நாளில் காலியாகக் கிடக்கும் நாற்காலி என்று அதை விழுங்கப் பலர் உண்டு. ஆனாலும் பறிகூலி விலையில் ஒரு விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை.

சம்பளம் ஏறினால் தொழில் படுத்துவிடும் என்ற புலம்பல் உண்மையா என்று கேட்டால், புலம்புகிறவர் எதை விற்கிறார் என்று நான் திருப்பிக் கேட்பேன். இலங்கையில் 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று அறிவித்ததும் தோட்டக் கம்பெனிகள் நீதிமன்றப் படி ஏறின. அங்கே பெரும்பகுதித் தூள் கொழும்பு ஏலத்தில் மொத்தமாகப் போகிறது. அவர்களுக்குத் தெரிந்தது கிலோ மட்டும். கேமரன் மலைக்காரர்கள் தங்கள் பெயரில் பாக்கெட் போட்டார்கள், தோட்டத்துக்குள்ளேயே தேநீர்க் கூடம் கட்டினார்கள். சுங்கை பாலாஸில் ஆலையைச் சுற்றிப் பார்க்கவிட்டு, பள்ளத்தாக்கை நோக்கிய மாடத்தில் தேநீரும் கேக்கும் விற்கிறார்கள். 1933-இல் தொடங்கிய பாரத் தேயிலை நிறுவனமும் தானா ராத்தாவுக்குப் போகும் சாலையோரத்தில் தேநீர்க் கூடம் நடத்துகிறது. என் தீர்ப்பில் அந்த மலையின் சாமர்த்தியம் பயிர்த்தொழிலில் இருப்பதைவிட இந்த மாடங்களில்தான் அதிகம்.

மாடங்களை நம்பும் இந்தச் சாமர்த்தியத்துக்கும் ஒரு விலை உண்டு. 2020 மார்ச் 18-இல் கொரோனா பரவலால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஜூனில் புதிய அந்நியத் தொழிலாளர்களை எடுப்பது நிறுத்தப்பட்டது. இடையில் திறந்து மறுபடி அடைபட்ட மாநில எல்லைகள், தடுப்பூசி முழுதாகப் போட்டவர்களுக்கு 2021 அக்டோபர் 11-இல்தான் மீண்டும் திறந்தன. மாடத்தில் குடிக்க ஆளில்லை, தோட்டத்தில் பறிக்க ஆள் குறைவு. செடி மட்டும் நிற்காது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை எடுக்காவிட்டால் முற்றிவிடும். பேரங்காடிகள் திறந்திருந்ததால் பாக்கெட் தாங்கிப் பிடித்தது. வருமானத்துக்கு இரண்டு வழி வைத்திருப்பவர், அவை ஒரே நாளில் அடைபடுமா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலீட்டைப் பற்றி ஒரு வரி. தேயிலை நட்டு முறையாகக் கொழுந்து எடுக்க மூன்று நான்கு ஆண்டு ஆகும். ரஸ்ஸல் தொடங்கியதோ உலகப் பொருளாதாரம் சரிந்த ஆண்டில். 1933-இல் இறந்தும் போனார். வரவே இல்லாத ஆண்டுகளுக்கும் பணம் ஒதுக்காத தொழில் அங்கேயே முடிந்திருக்கும்.

ரிங்லெட்டிலோ பிரிஞ்சாங்கிலோ, கீழே தாப்பாவிலோ உணவுக்கடை நடத்துகிறவர்களுக்கு ஒரு கணக்கு மிச்சமிருக்கிறது. 2016 திருத்தத்தின்படி தீபகற்பத்தில் அந்நியத் தொழிலாளி ஒருவருக்கு ஆண்டு லெவி தோட்டத்துறையில் 640 வெள்ளி, சேவைத்துறையில் 1,850. 2018 முதல் அதை முதலாளியே கட்ட வேண்டும். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து அவர்களுக்கும் முதலாளி பங்காக 2 விழுக்காடு சேமநிதி. 1,700-க்கு மாதம் 34, ஆண்டுக்கு 408. இரண்டும் சேர்ந்து கடை ஆள் ஒருவருக்கு 2,258 வெள்ளி. 312 நாளுக்குப் பிரித்தால், சம்பளம் போக நாளுக்கு 7 வெள்ளி 24 காசு. சொக்சோ தனி. உங்கள் விலைப் பட்டியலில் இது ஏறவில்லை என்றால் இந்த மாதமே ஏற்றிவிடுங்கள்.