சீட்டுப் பணமும் அறப்பணியும்

பதினைந்து ஆண்டுகளுக்கு முன், ஆசிரிய கலாசாலைப் பயிற்சியை முடித்துக்கொண்டு கிராமப் பாடசாலை ஒன்றிற் கடமையேற்றிருந்தேன். அங்கே ஆய்வுகூடத்துக்குக் கூரையிடும் பொருட்டு அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்பதெனத் தீர்மானிக்கப்பட்டது. முதற்பரிசு ஒரு துவிச்சக்கரவண்டி. மாணவர் ஒவ்வொருவருக்கும் இருபது சீட்டுகள் கொண்ட புத்தகம் ஒன்று கொடுக்கப்பட்டது. எட்டாம் வகுப்பிற் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் சிறுவன் ஒருவன் மூன்றாம் நாளே இருபதையும் விற்றுப் பணத்தைக் கொணர்ந்து தந்தான். வகுப்பின் முன்னிலையில் அவனைப் பாராட்டினேன். மாலையில் அடிக்கட்டைகளைப் புரட்டிய பொழுதுதான் இருபதிலும் ஒரே பெயர் எழுதப்பட்டிருத்தலைக் கண்டேன். அஃது அவன் தாயாரின் பெயர். அவ்வம்மையார் இடியப்பம் அவித்து விற்றுக் குடும்பம் நடத்துபவர். கூரை போடப்பட்டது. துவிச்சக்கரவண்டி வேறெவருக்கோ போயிற்று.

நற்பணிக்கு நிதி திரட்டுவோர் சூதின் வழியைக் கைக்கொள்ளலாமோ என்னும் வினா அன்று தொட்டு என் மனத்தை விட்டு அகலவில்லை. வள்ளுவனார் ஈகைக்கு ஓரதிகாரமும் சூதுக்கு ஓரதிகாரமும் வகுத்தார். அவ்விரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டு விற்கலாம் என்பதை அவர் எண்ணியிருக்கமாட்டார். ஆயின் உலகில் இன்று அவ்வாறு விற்கப்படும் தாள்களின் பணத்தாலே அகதி முகாம்களுக்கு மருந்தும், வறண்ட நிலங்களுக்குக் கிணறும் கிடைத்து வருகின்றன. அதன் இயல்பை ஆராய்தல் தகும்.

லொத்தரின் கணக்கு மிக எளியது. சீட்டு விற்றுச் சேர்ந்த பணம் மூன்று கூறாகும். ஒரு கூறு பரிசு; ஒரு கூறு செலவும் நடத்துவோர் ஊதியமும்; எஞ்சியது எவருக்காக நடத்தப்படுகின்றதோ அவருக்கு. ஆதலின் சீட்டு வாங்குவோர் யாவரையும் ஒருங்கே வைத்து எண்ணினால் அவர்கள் நட்டமடைந்தே தீர்வர். சீட்டு முழுவதையும் ஒருவனே வாங்கினால் அவன் தோல்வி உறுதி என்பதை ஆதம் சிமித் 1776 இல் வெளிவந்த தம் நூலிலே எடுத்துக் காட்டியுள்ளார். நம் நாட்டில் 1963 இல் நிறுவப்பட்ட தேசிய லொத்தர் சபையின் இலாபம் அரசாங்கத்தைச் சேர்வது. யாம் ஈண்டு பேசப்புகுவது அஃதன்று. எஞ்சும் பணம் திறைசேரிக்குச் செல்லாது, அறநிறுவனங்களுக்கு நேரே செல்லும் லொத்தர்களைப் பற்றியதாகும்.

இவ்வகையில் முதலில் நோக்கத்தக்கது ஒல்லாந்து. யாழ்ப்பாணக் கோட்டையை ஐங்கோணமாகப் புதுக்கிக் கட்டிய அதே ஒல்லாந்தரின் நாடு. சிங்கள மொழியில் லொத்தருக்கு வழங்கும் சொல்லும் அவர்கள் விட்டுச் சென்றதே என்பர். ஹார்லெம் என்னும் நகரில் முதியோருக்கு இல்லம் அமைக்க 1606 ஆம் ஆண்டளவில் ஒரு லொத்தர் நடத்தப்பட்டது. 1609 இல் இல்லமும் திறக்கப்பட்டது. அக்கட்டடம் இன்றும் நிற்கின்றது. பிரான்ஸ் ஹால்ஸ் என்னும் ஓவியரின் பெயரால் அமைந்த நூதனசாலை அதிலேயே உள்ளது. எனவே, சீட்டெடுத்துத் தருமஞ் செய்தல் அம்மக்களுக்குப் புதியதன்று. அயலூர் முதியோருக்கு என்றிருந்ததை அயற்கண்டத்து ஏழைகளுக்கு என்று விரித்ததே பிற்காலத்துப் புதுமை.

அப்புதுமையைச் செய்தோருள் ஒருவர் சைமன் ஜெல்ஸ்மா. கத்தோலிக்கக் குருவாயிருந்த இவர் 1950களில் ஹேக் நகரத்துச் சதுக்கமொன்றில் நின்று, உலகின் வறுமையைப் பற்றி வழிப்போக்கருக்கு உரையாற்றியவர். 1956 இல் நொவிப் என்னும் சர்வதேச உதவி நிறுவனம் தோன்றுதற்குக் காரணராயிருந்தோருள்ளும் இவர் ஒருவர். (நம் நாட்டுச் சர்வோதய இயக்கத்துக்கு 1970களில் பொருளுதவி செய்த நொவிப் இதுவே.) மேடையேறிப் பேசுவதாலும் உண்டியல் குலுக்குவதாலும் வரும் பணம் போதாதென்பதை முப்பது ஆண்டு அநுபவம் உணர்த்தியது போலும். 1989 இல் தம் எழுபதாவது வயதைக் கடந்த நிலையில், பௌடுவைன் பூல்மன் முதலிய மூவருடன் கூடித் தேசிய அஞ்சற் குறியீட்டு லொத்தரைத் தொடங்கினார்.

அதன் நுட்பம் பெயரிலேயே உளது. ஒல்லாந்தின் அஞ்சற் குறியீடு நான்கு இலக்கமும் இரண்டு எழுத்தும் கொண்டது. ஒரு குறியீடு பெரும்பாலும் ஒரு தெருவின் ஒரு பகுதியையே குறிக்கும். இந்த லொத்தரில் உமது வீட்டின் குறியீடே உமது சீட்டிலக்கத்தின் தலைப்பாகம். குறியீட்டுக்குப் பரிசு விழுந்தால் அத்தெருவிற் சீட்டுடையார் யாவரும் பெறுவர். சீட்டை நாடிக் கடைக்குப் போகவேண்டுவதில்லை. பணம் வங்கிக் கணக்கிலிருந்து தானே கழிந்துகொண்டிருக்கும். இருபத்தைந்து இலட்சத்துக்கும் அதிகமானோர் பங்குபற்றுகின்றனர். நூற்றைம்பது அளவிலான நிறுவனங்களுக்கு அண்மை ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு 35 கோடி யூரோவுக்கு மேற் கிடைத்து வந்துள்ளது. அவற்றுள் ஐக்கிய நாடுகளின் அகதிகள் தாபனமும், எல்லைகளற்ற வைத்தியர் குழுவின் ஒல்லாந்துக் கிளையும் உள்ளன. இயற்கையைக் காக்கும் சங்கங்களும் உள.

தொகையின் பருமையைக் காட்டிலும் அது கொடுக்கப்படும் முறையே என் கருத்தைக் கவர்ந்தது. அரசாங்கங்கள் உதவி வழங்கும்போது அதன் பின்னால் அவற்றின் அரசியலும் செல்லும். இன்ன நாட்டுக்கு, இன்ன திட்டத்துக்கு, இன்ன காலத்துக்குள் என்று வரம்பிடுவர். பொதுமக்கள் தாமாகக் கொடுப்பதோ பத்திரிகையிலே படம் வந்த துன்பத்துக்கே ஓடிச் செல்லும். வெள்ளமும் பூகம்பமும் பணத்தை ஈர்க்கும்; பத்து ஆண்டாக நீடிக்கும் அகதி வாழ்வு எவர் கண்ணிலும் படாது. இந்த லொத்தரோ தன்னைச் சார்ந்த நிறுவனங்களிற் பலவற்றோடு பல ஆண்டுகளுக்கு ஒப்பந்தஞ் செய்துகொண்டு, ஆண்டுதோறும் ஒரு தொகையைப் பெரும்பாலும் நிபந்தனையின்றிக் கையளிக்கின்றது. எல்லைகளற்ற வைத்தியர் குழுவுக்கு இவ்வாறு ஆண்டுக்கு 1 கோடியே 35 இலட்சம் யூரோ பல்லாண்டு சென்றுள்ளது. இவ்வைத்தியர் குழு 2016 ஜூனில், அகதிகளைத் துருக்கிக்குத் திருப்பியனுப்பும் ஐரோப்பிய உடன்பாட்டைக் கண்டித்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் பணமும் அதன் உறுப்பு நாடுகளின் பணமும் இனி வேண்டாமென மறுத்தது. ஒருவரிடம் "உம் பணம் வேண்டாம்" என்று கூறுதற்கு வேறிடத்தில் அடுப்பெரிய வேண்டும். அக்குழுவின் பெருநிதி தனிப்பட்டோர் கொடையே எனினும், சீட்டுப் பணமும் அவ்வடுப்புக்கு விறகாயிற்று என்பதை மறுத்தல் இயலாது.

இனி மறுபக்கம். அஞ்சற் குறியீட்டைச் சீட்டாக்கியதில் ஒரு சூழ்ச்சி இருக்கின்றது. மற்றைய லொத்தரிற் சீட்டு வாங்காதவனுக்குத் தான் எதை இழந்தான் என்பது தெரியாது. இதிலோ தெருவுக்குப் பரிசு விழுந்து அயல்வீட்டார் மாலையும் கையுமாக நிற்கும்போது, சேராதிருந்தவன் தன் குறியீடு வென்றதையும் தன் பங்கு எவ்வளவென்பதையும் துலாம்பரமாக அறிவான். இவ்வாறு பின்னர் வருந்த நேருமே என்னும் அச்சமே பலரைச் சீட்டெடுக்கத் தூண்டுகின்றது என்பதைத் தில்பேர்க் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இருவர் 2004 இல் எழுதிய கட்டுரையில் விளக்கியுள்ளனர். இரக்கத்தினாற் கொடுத்தார் என்று நாம் எண்ணுவோருட் சிலர் அயலான்மேற் கொண்ட அச்சத்தாற் கொடுத்தவர். பசித்தவனுக்குச் சோறு கிடைத்தபின் அதை ஆராய்வானேன் என்பாரும் உளர்; யான் அவ்வளவு விரைவில் அமைதி கொள்ளமாட்டேன்.

அண்டை நாடாகிய பெல்ஜியத்தின் கதை இன்னும் விசித்திரமானது. உலகப் பொருளாதார மந்தத்தால் கொங்கோக் குடியேற்ற நாட்டின் வரவு செலவில் விழுந்த துண்டை அடைப்பதற்காக 1934 இற் குடியேற்ற லொத்தர் என ஒன்றை அந்நாடு தொடங்கிற்று. ஆபிரிக்கரை ஆளுஞ் செலவுக்குப் பெல்ஜியர் சீட்டு வாங்கினர். 1960 இற் கொங்கோ விடுதலை பெற்றபின் அதுவே தேசிய லொத்தராக மாறியது. நோபெல் பரிசு பெற்றோர் ஐம்பதின்மருக்கு மேற்பட்டோர் 1981 இல் உலகப் பசியைப் பற்றி ஓர் அறிக்கை விடுத்தனர். அவ்வறிக்கையினால் எழுந்த உணர்ச்சி பெல்ஜியப் பாராளுமன்றத்தையும் அசைக்க, 1983 இல் மூன்றாம் உலக மக்களின் உயிர்வாழ்வுக்கான நிதி சட்டத்தாற் பிறந்தது. தேசிய லொத்தரின் இலாபத்திலிருந்து 1000 கோடி பிராங்கு அதற்கென ஒதுக்கப்பட்டது. சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியத்துடன் சேர்ந்து கென்யா, உகண்டா, எதியோப்பியா, சோமாலியா ஆகிய நாடுகளிலே அதன் பணிகள் தொடங்கின. குடிநீர், சிறு கமக்காரருக்கான உதவி, கிராமச் சுகாதாரம் என்பன அவற்றுள் அடங்கும். ஆளுவதற்குச் சேர்த்த சீட்டுப் பணம் ஐம்பதாண்டுக்குள் ஊட்டுவதற்குச் சென்றது.

ஆயினும் அறத்தின் பெயர் இருப்பதால் மட்டும் அறம் நடப்பதில்லை. அயர்லாந்தில் வைத்தியசாலைகளுக்கென 1930 இல் தொடங்கப்பட்ட குதிரைப்பந்தய லொத்தர், அது சட்டவிரோதமாயிருந்த இங்கிலாந்திலும் அமெரிக்காவிலுங் கூட ஒளித்து விற்கப்பட்டு உலகப் புகழ் பெற்றது. சுழலும் பெரிய உருளையிலிருந்து தாதியர் உடை தரித்த பெண்கள் சீட்டெடுக்கும் காட்சியைக் கண்டோர் யாவரும் நோயாளியையே நினைத்தனர். 1973 இல் ஜோ மக்கந்தணி என்னும் பத்திரிகையாளர் கணக்கைக் கிளறினார். சீட்டுகளின் பெறுமதியில் மிகச் சிறு பங்கே வைத்தியசாலைகளை அடைந்தது என்பதும், நடத்தியோர் பெருஞ் செல்வராயினர் என்பதும் வெளிவந்தன.

ஆகவே எந்த அற லொத்தரையும் நோக்கி முதலிற் கேட்கவேண்டியது, நூற்றுக்கு எத்தனை என்பதே. பிரித்தானியாவின் 2005 ஆம் ஆண்டுச் சட்டம் சங்கங்கள் நடத்தும் லொத்தரில் நூற்றுக்கு 20 க்குக் குறையாமல் நற்பணிக்குச் செல்லவேண்டும் என்கிறது. 2011 இல் அங்கே தொடங்கிய சுகாதார லொத்தர் ஒரு பவுணில் 20.3 பென்சு கொடுத்தது. சட்டத்தின் கோட்டைத் தாண்டி அரைப் பென்சுந் தானும் இல்லை. ஒல்லாந்தில் அஞ்சற் குறியீட்டு லொத்தர் தொடக்கத்தில் நூற்றுக்கு 60 கொடுத்தது. பின்னர் 50 ஆகி, இப்பொழுது குறைந்தது 40 என நிற்கின்றது. விற்பனை பெருகினமையால் மொத்தத் தொகை உயர்ந்ததென நடத்துவோர் கூறுவர். அது மெய்யே. எனினும் சரிவு சரிவே. ஓர் அகதிக்கு நூறு ரூபா கொடுக்க விரும்புபவன் அதை நேரே அனுப்பினால் பெரும்பகுதி சேரும். சீட்டாக வாங்கினால் நாற்பதே சேரும். ஆயின் சீட்டில்லையேல் அவருட் பலர் ஒரு சதமும் அனுப்பியிரார் என்பதுதான் இதன் நியாயம் முழுவதும்.

இரண்டாவதாகக் கேட்கவேண்டியது, எவர் கையிலிருந்து என்பது. இதற்கு எந்தச் சட்டத்திலும் நூற்றுக்கணக்கு இல்லை. எம் பாடசாலைச் சீட்டில் அச்சுக்கூலியும் துவிச்சக்கரவண்டி விலையும் போக, பெரும்பகுதி கூரைக்கே சென்றது. ஒல்லாந்தரும் அதைப் பார்த்து நாணலாம். ஆனால் ஒல்லாந்தில், வங்கிக் கணக்கு வைத்திருக்கும் வயதுவந்தோர் தம் விருப்பத்தோடு சேர்கின்றனர், விலகவும் கூடும். இங்கேயோ, மகன் வகுப்பில் தலைகுனிந்து நிற்கக் கூடாதென்று ஒரு தாய் இருபது சீட்டுகளுக்கு இடியப்பம் அவித்தாள்.

நம் கல்லூரியின் பழைய மாணவர் சங்கம், ஏழை மாணவர் புலமைப்பரிசில் நிதிக்காக லொத்தர் ஒன்று நடத்தலாமா என்று இவ்விழா ஆண்டிலே ஆலோசித்து வருகின்றது. என் கருத்தைக் கேட்டனர். வேண்டாமென யான் கூறவில்லை. சீட்டின் முதுகிலே பரிசுக்கு எவ்வளவு, செலவுக்கு எவ்வளவு, நிதிக்கு எவ்வளவு என்று அச்சிடுக என்றும், ஒரு புத்தகமேனும் மாணவர் கையிற் கொடுத்தனுப்பற்க என்றும் எழுதிக் கொடுத்தேன். பழைய மாணவர் தாமே விற்க நேரின் எத்தனை சீட்டுப் போகும் என்று செயலாளர் கவலைப்படுகின்றார். இவ்விடயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கின்றது.