மேடை ஓரத்தில் ஒரு நாலு தந்திக்காரர்

தாராவியிலும், மாட்டுங்காவிலும், செம்பூரிலும் கோயில் விழா என்றால் கடைசி நாள் மெல்லிசைக் கச்சேரி இல்லாமல் நிறைவு பெறாது. வேலை முடித்து வந்து, சாப்பிட்டுவிட்டு, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் நின்று கேட்கிறோம். திரும்பி வரும்போது பாடியவர்களைப் பற்றிப் பேசுகிறோம். தபேலாக்காரர் பிய்த்து உதறிவிட்டார் என்கிறோம். கீபோர்டு வாசித்தவர் அப்படியே சினிமாவில் கேட்டதுபோல் வாசித்தார் என்கிறோம்.

ஆனால் டிரம்ஸ் பக்கத்தில், நீளக் கழுத்துள்ள ஒரு கிடாரை மாட்டிக்கொண்டு, தலையை மட்டும் லேசாக ஆட்டியபடி நின்ற ஒருவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர் தனியாக எதுவும் வாசித்துக் கைத்தட்டல் வாங்கவில்லை. அவர் என்ன வாசித்தார் என்று கேட்டால் சொல்லவும் தெரியாது.

அவர்தான் பேஸ் கிடார் வாசிப்பவர். பாட்டுக்கு அவர் அஸ்திவாரம். அஸ்திவாரம் கண்ணில் படுவதில்லை. அதனால்தானோ என்னவோ, இன்று செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் முதலில் குறைக்கப்படும் ஆளும் அவராகவே இருக்கிறார்.

காதுக்கு எட்டாத ஒலி

சாதாரண கிடாருக்கு ஆறு தந்தி. பேஸ் கிடாருக்கு நான்கு. ஐந்து, ஆறு தந்தி உள்ளவையும் உண்டு. சாதாரண கிடாரின் தந்தி சுமார் 25 அங்குலம் என்றால், பேஸ் கிடாரின் தந்தி 34 அங்குலம். தடிமனும் அதிகம். அதனால் ஒலி ஒரு ஸ்தாயி கீழே போய்விடும். அதன் தடித்த தந்தி நொடிக்கு 41 முறைதான் அதிரும்.

நம் வீட்டுச் சிறிய டிரான்சிஸ்டரிலும், செல்போனிலும் உள்ள ஸ்பீக்கரால் இவ்வளவு கீழான ஒலியை வெளியே தள்ள முடியாது. அதன் மேல் சாயல் மட்டுமே வரும். மீதியைக் காது தானாக ஊகித்துக்கொள்ளும். கோயில் விழாக்களில் கட்டும் குழாய் ஸ்பீக்கரிலும் இதே கதைதான். பல ஆண்டுகளாக நாம் கேட்டு ரசித்த பாட்டுகளில் பாதி வாசிப்பு நம் காதுக்கு வந்து சேரவே இல்லை என்றால் அது மிகையல்ல.

மிருதங்கத்தில் வலது பக்கம் மட்டும் வாசித்து, தொப்பியைத் தொடாமல் விட்டால் எப்படி இருக்கும்? பேஸ் இல்லாத மெல்லிசை அப்படித்தான் இருக்கும். தாளத்தையும் ராகத்தையும் சேர்த்துக் கட்டும் கயிறு அது.

ஆள் உயரப் பெட்டி

1951-க்கு முன்னால் இந்த வேலையை ஆள் உயர வயலின் போன்ற 'டபுள் பேஸ்' செய்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது பெரும்பாடு. டிரம்ஸும் குழல் வாத்தியங்களும் சேர்ந்து முழங்கினால் அதன் ஒலி அமுங்கிவிடும்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ பெண்டர் என்பவர் 1951-ல் இதற்கு ஒரு வழி கண்டார். தோளில் மாட்டிக்கொள்ளும்படி, மின்சாரத்தில் ஒலி கூட்டும்படி ஒரு பேஸ் கிடாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கழுத்தில் கிடார்போல் கட்டைகள் வைத்ததால் சுருதி பிசகாமல் விரல் வைக்கலாம். அதனால் அதற்கு 'பிரிசிஷன்', அதாவது 'துல்லியம்' என்றே பெயர் வைத்தார். இன்றும் உலகம் முழுவதும் அதே வடிவம்தான்.

இருவர் சந்தித்தால்

பேஸ் வாசிப்பவர்கள் இருவர் சந்தித்துவிட்டால் பேச்சு எங்கே போகும்? முதலில் தந்தி. அடுத்தது ஆம்ப்ளிபையர். அதன்பிறகு மைக்செட்காரர். சம்பளப் பேச்சு கடைசியில்தான் வரும்.

தந்தியில் இரண்டு கட்சி. சுற்று வழுவழுப்பாக உள்ள தட்டைத் தந்திதான் பழைய பாட்டுகளுக்குப் பொருந்தும், 'தும் தும்' என்று உருண்டு வரும் என்பார் ஒருவர். உருண்டைச் சுற்றுத் தந்திதான் பளிச்சென்று பேசும், இந்தக் காலத்துப் பாட்டுக்கு அதுதான் சரி என்பார் மற்றவர். விரலால் மீட்டுவதா, பிளெக்ட்ரம் வைத்துத் தட்டுவதா என்பதிலும் இதே வழக்குதான். இந்த வழக்குகள் தீர்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

பேஸ் தந்தி விலை அதிகம். சாதாரண கிடார் தந்தியைப்போல் பல மடங்கு. ஆகவே பழைய தந்தியைத் தூக்கி எறிய மனம் வராது. கழற்றிச் சுருட்டி, ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிப் பத்து, பதினைந்து நிமிடம் கொதிக்க வைப்பார்கள். விரல் வியர்வையும் எண்ணெயும் அழுக்கும் கழன்று போகும். துணியால் துடைத்து மறுபடி மாட்டினால் சில கச்சேரிகளுக்குப் புதிது மாதிரி பேசும். தந்தி கொதித்த பாத்திரத்தில் மறுநாள் பால் காய்ச்ச முடியுமா என்பது வேறு பிரச்சினை!

வாத்தியமும் அப்படித்தான். வெளிநாட்டு கிடார் எல்லோருக்கும் கிடைத்ததில்லை. கல்கத்தாவில் செய்யும் கிவ்சன் போன்ற உள்நாட்டுக் கிடாரில் கை பழகியவர்களே அதிகம். மும்பை மழைக் காலத்தில் மரம் ஈரம் குடித்துக் கழுத்து வளையும். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை ஆலன் சாவியால் கால் சுற்று திருப்பி நேராக்க வேண்டும். அவசரப்பட்டு அதிகம் திருப்பினால் கழுத்தே போய்விடும்.

மைக்செட் பற்றிய பேச்சு வந்தால் குரல் உயரும். பேஸ் ஒலிக்கு 12 அல்லது 15 அங்குல ஸ்பீக்கர் வேண்டும். அது இல்லாத இடத்தில் எவ்வளவு அழகாக வாசித்தாலும் ஜனங்களுக்குக் கேட்காது. இருக்கிற இடத்தில் மைக்செட்காரர் திருகிவிட்டால் சந்தில் உள்ள தகரக் கூரையெல்லாம் அதிரும். பாட்டு போய் இரைச்சல்தான் மிஞ்சும். அந்தத் தடித்த தந்தியின் ஓர் ஒலி அலை எட்டு மீட்டர் நீளம். சுவர் அதைத் தடுக்காது. கச்சேரி நடக்கும் தெருவில் பாட்டு கேட்காத வீட்டிலும் 'தும் தும்' மட்டும் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

பெயர் இல்லாதவர்கள்

அமெரிக்காவில் ஜேம்ஸ் ஜேமர்சன் என்று ஒரு பேஸ் கலைஞர் இருந்தார். டெட்ராய்ட் நகரின் மோடவுன் கம்பெனியில் வாசித்தவர். வலது கையில் ஒரே ஒரு விரலால் மீட்டுவார். அறுந்தால் ஒழியத் தந்தி மாற்ற மாட்டார். அந்தக் கம்பெனியின் பாட்டுகளை உலகமே கேட்டது. பாடியவர்கள் புகழின் உச்சிக்குப் போனார்கள். ஆனால் இசைத்தட்டு உறையில் ஜேமர்சன் பெயர் இல்லை. 1971-ல் வந்த மார்வின் கேயின் ஓர் இசைத்தட்டில்தான் அவர் பெயரைப் போட்டார்கள். 1983-ல் 47 வயதில் இறந்தார். பெரிய கவுரவம் வந்தது 2000-ல்.

நம் ஊர்க் கதையும் ஏறக்குறைய இதுதான். 1976-ல் 'அன்னக்கிளி' மூலம் வந்த இளையராஜா, பேஸ் கிடாரை வெறும் தாளத் துணையாக வைக்கவில்லை. அதற்கென்று தனி மெட்டு எழுதினார். பாட்டு ஒரு வழியில் போகும், பேஸ் இன்னொரு வழியில் போகும், இரண்டும் சரியான இடத்தில் வந்து சேரும். அவருடைய ஏராளமான பாட்டுகளில் பேஸ் வாசித்தவர் சசிதரன். 1980-ல் வந்த 'மூடுபனி' படத்தில் ஜேசுதாஸ் பாடும் கிடார் பாட்டையும், 1982-ல் வந்த 'நினைவெல்லாம் நித்யா' பாட்டுகளையும் நல்ல ஸ்பீக்கரில் கேட்டுப் பாருங்கள். பாடகரை விட்டுவிட்டுக் கீழே போகும் ஒலியை மட்டும் பின்தொடருங்கள். இத்தனை நாள் கேட்ட பாட்டா இது என்று தோன்றும்.

மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிப்பவருக்குப் பரீட்சையே இந்தப் பாட்டுகள்தான். ஆதார சுரத்தை மட்டும் தட்டிக்கொண்டு ஒப்பேற்ற முடியாது. ஜனங்களுக்கு என்ன தவறு என்று தெரியாது. ஆனால் 'ஏதோ குறைகிறதே' என்று தெரிந்துவிடும்.

இந்தி சினிமாவில் ஆர்.டி. பர்மன் இசைக்குழுவில் பேஸ் வாசித்தவர் டோனி வாஸ். ஏ.ஆர். ரகுமானின் பல பாட்டுகளில் வாசித்தவர் சென்னையைச் சேர்ந்த கீத் பீட்டர்ஸ். வாசித்தவர்களின் பெயரைக் கேசட் உறையில் போடும் நல்ல வழக்கத்தை ரகுமான் கடைப்பிடித்தார். இன்று ரகுமானின் மேடைகளிலும் உலக மேடைகளிலும் பெயர் வாங்கியிருப்பவர் ஒரு பெண். 1996-ல் இதே மும்பையில் பிறந்த மோகினி டே. அவருடைய தந்தையும் பேஸ் வாசிப்பவர். ஆண்கள்தான் வாசிக்க முடியும் என்ற பேச்சு இனி எடுபடாது.

ரெயிலிலும் மழையிலும்

பாடுகிறவர் தொண்டையோடு வந்தால் போதும். பேஸ்காரர் சுமை தூக்க வேண்டும். கிடார் நாலு கிலோதான். ஆம்ப்ளிபையர் இருபது, முப்பது கிலோ. ரெயிலில் படுக்கை வகுப்புக்கு 40 கிலோ, இரண்டாம் வகுப்புக்கு 35 கிலோ வரை இலவசமாகக் கொண்டுபோகலாம். ஆனால் பெட்டியின் நீளம் 100 சென்டி மீட்டரைத் தாண்டக்கூடாது என்பது விதி. பேஸ் கிடாரோ பெட்டியோடு ஒரு சாண் கூடுதல்! விதிப்படி பார்சல் ஆபீசில் கட்டி பிரேக் வேனில் போட வேண்டும். அங்கே மூட்டைகளுக்கு நடுவே வாத்தியம் என்ன ஆகும் என்ற பயத்தில், மேல் படுக்கையில் கிடாரைக் கிடத்திவிட்டுத் தாங்கள் உட்கார்ந்தே வருபவர்கள் உண்டு. மாலை நேரத்து லோக்கல் ரெயிலில் அதோடு ஏறுவதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு ஆபத்து மின்சாரம். தெருமேடையில் எங்கிருந்தோ வயர் இழுத்திருப்பார்கள். எர்த் சரியாக இருக்காது. கை தந்தியில் இருக்கும். உதடு மைக்கில் படும். அந்த நேரத்தில் மின்சாரம் உடம்பு வழியாகப் பாயும். 1972 மே 3-ந்தேதி பிரிட்டனில் ஸ்வான்சி நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிடார் கலைஞர் இப்படித்தான் இறந்தார். வயது 27. அனுபவம் உள்ளவர்கள் ரப்பர் செருப்பைக் கழற்ற மாட்டார்கள். வாசிப்பதற்கு முன் மைக்கில் டெஸ்டர் வைத்துப் பார்ப்பார்கள். விழாக் கமிட்டியினர் பந்தலுக்குச் செலவழிப்பதில் கொஞ்சத்தை ஒழுங்கான எர்த் கம்பிக்கும் ஒதுக்குவது நல்லது.

முதலில் குறைவது யார்?

பேஸ்காரருக்குப் பதிலாக ஒரு எந்திரம் என்ற யோசனை புதிது அல்ல. ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1981-ல் 'டி.பி.303' என்ற சிறு பெட்டியைக் கொண்டுவந்தது. தனியாகக் கிடார் பழகுகிறவருக்கு அது பேஸ் வாசித்துக் காட்டும் என்றார்கள். ஆனால் அதன் ஒலி பேஸ் கிடார் போலவே இல்லை. வியாபாரம் ஓடவில்லை. 1984-ல் நிறுத்திவிட்டார்கள்.

அந்தப் பெட்டியை மும்பைக்காரர் ஒருவர் வாங்கினார். இந்தி சினிமா இசைக்குழுக்களில் கிடாரும் சிந்தசைசரும் வாசித்த சரண்ஜித் சிங். 1982-ல் அதைக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து இசைத்தட்டு வெளியிட்டார். அப்போது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2010-ல் அது மறுபடி வெளிவந்தபோது ஐரோப்பாவே வியந்தது. 2015-ல் அவர் மறைந்தார். ஆளை எடுத்துவிட்டு எந்திரத்தை வைக்க நினைத்தார்கள். கடைசியில் அந்த எந்திரத்தைப் பேச வைக்கவும் ஒரு கலைஞர் தேவைப்பட்டார்!

ஆனால் அடுத்து வந்தவை அப்படி விட்டுவைக்கவில்லை. கீபோர்டில் இடது கையை பேஸுக்கு ஒதுக்கிவிடலாம். அதையும் தாண்டி, பாட்டின் வாத்தியங்கள் முழுவதும் பதிவான 'டிராக்' வந்துவிட்டது. பாடகர் மட்டும் வந்தால் போதும். பத்துப் பேர் குழு ஐந்தாகிறது, ஐந்து மூன்றாகிறது. விழாக் கமிட்டியைக் குறை சொல்லவும் முடியாது. வசூல் நம்மைப் போன்ற கூலிக்காரர்களிடமும் குமாஸ்தாக்களிடமும்தானே? மைக்செட், பந்தல், சாப்பாடு எல்லாம் விலை ஏறிவிட்டது. 2000-ல் வந்த ஒலி விதிகளின்படி இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும். அரசு சில நாட்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை அனுமதிக்கும். விடிய விடியக் கச்சேரி என்ற காலம் போய்விட்டது. இரண்டு மணி நேரக் கச்சேரிக்கு இத்தனை ஆள் எதற்கு என்று கேட்கிறார்கள்.

எதற்கு என்றால், டிராக் யாருக்காகவும் நிற்காது. பாடுகிறவர் ஒரு வரியைத் தவற விட்டால் பேஸ்காரர் பிடித்து நிறுத்துவார். ஜனங்கள் 'ஒன்ஸ்மோர்' கேட்டால் டிரம்ஸ்காரரைப் பார்த்து ஒரு தலையசைப்பு. பாட்டு மறுபடி பல்லவிக்குத் திரும்பும். எதிரே நிற்கும் கூட்டத்தைப் பார்த்து வாசிப்பது ஆள் மட்டுமே.

பகலில் ஆபீஸ் வேலை, ஒர்க்ஷாப் வேலை, இரவில் கச்சேரி என்று ஓடுகிறவர்கள்தான் இவர்களில் பெரும்பாலோர். விரல் நுனி காய்த்துப்போயிருக்கும். பெரிய பணம் இதில் இல்லை என்பது அவர்களுக்கே தெரியும். மேடையில் ஓர் இடம் இருந்தால் போதும் என்றுதான் நிற்கிறார்கள்.

அடுத்த விழாவுக்குக் குழுவை அமர்த்தும்போது, 'எத்தனை பாடகர்?' என்று கேட்கும் கமிட்டியார், 'பேஸ் கிடார் உண்டா?' என்றும் ஒரு வார்த்தை கேட்கட்டும். கச்சேரி கேட்கப் போகிறவர்கள் ஒரே ஒரு பாட்டுக்காவது மேடை ஓரத்தைக் கவனிக்கட்டும். கைத்தட்டலுக்குக் காசு இல்லை. அதில் ஒரு பங்கு அந்த நாலு தந்திக்காரருக்கும் போகட்டும்.